அடிக்காதவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

போலீஸ், கோர்ட், சிறை என்று குற்றவியல் துறையில் வேலை பார்ப்பவர்களுக்கான அறம் பற்றிப் பேச்சு வந்தாலே நேர்மை, மனிதநேயம், பாரபட்சமின்மை என்று ஒரு பட்டியலை வாசித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம். பட்டியலுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. இந்தியக் காவல்துறைக்கான நடத்தை விதிகள் 1960-இலேயே ஐ.ஜி.க்கள் மாநாட்டில் ஏற்கப்பட்டவை, 1985-இல் மத்திய உள்துறை அவற்றை மாநிலங்களுக்கு அனுப்பியும் வைத்தது. தீர்ப்புச் சொல்வதும் பழிதீர்ப்பதும் போலீஸின் வேலை இல்லை என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஐ.நா. 1979-இல் கொண்டுவந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போய், மேலதிகாரி சொன்னார் என்பது சித்திரவதைக்குச் சாக்காகாது என்கின்றன. இத்தனையும் இருக்கும்போதுதான் 2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது, போலீஸ் பிடித்துக்கொண்டுபோன ஓர் அப்பாவும் மகனும் அடிபட்டு இறந்தார்கள்.

அந்த வழக்கைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஆனால் அடித்தவர்களைப் பற்றிப் பேசுவதற்காக இல்லை. அடிப்பது தப்பு என்று சொல்ல ஒரு கட்டுரை தேவையில்லை. அந்த இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குள் போனதிலிருந்து இறந்தது வரை அவர்கள் வழியில் கடமையின் பேரில் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்களில் யார் நிமிர்ந்து பார்த்தார்கள், யார் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர்கள் ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி ஜூன் 19 மாலை ஜெயராஜை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள், பின்னாலேயே மகன் போனார். மறுநாள் அரசு மருத்துவமனை, மாஜிஸ்திரேட், பிறகு நூறு கிலோமீட்டர் அளவில் தள்ளியிருக்கும் கோவில்பட்டி கிளைச் சிறை. 22-ஆம் தேதி இரவு பென்னிக்ஸ் இறந்தார், 23 விடிகாலையில் ஜெயராஜ். தரையில் உருண்டு புரண்டு தாங்களே காயப்படுத்திக்கொண்டார்கள் என்று எஃப்ஐஆர் சொன்னது. பக்கத்துக் கடை சிசிடிவி காட்சி வெளியே வந்தபோது அதில் உருளலும் இல்லை, புரளலும் இல்லை.

இப்போது சட்டம் இந்த வழியில் யாரையெல்லாம் நிறுத்தியிருக்கிறது என்று பாருங்கள். கைது செய்த 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், இது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. கைதானவரை டாக்டர் பார்க்க வேண்டும். கைது மெமோவில் குடும்பத்தாரோ உள்ளூர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். இவையெல்லாம் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் சொன்னவை. ஏன் இத்தனை பேர்? போலீஸ் சொல்வதை அப்படியே நம்பக்கூடாது என்பதால். சட்டத்தின் அமைப்பே அப்படி. டாக்டர் போலீஸைச் சந்தேகிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் போலீஸையும் டாக்டரின் சீட்டையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும், சிறை அதிகாரி மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டு வந்து நிற்கும் உடம்பைப் பார்க்க வேண்டும். இது அவமரியாதை இல்லை, இதற்குத்தான் சம்பளம். ஆனால் சின்ன ஊர்களில் இவர்கள் எல்லோரும் தினமும் முகம் பார்த்துக்கொள்கிறவர்கள், ஒருவருக்கொருவர் காரியம் ஆகவேண்டியவர்கள். அதனால் முதல் காகிதத்தை இரண்டாமவர் நம்புகிறார், இரண்டு காகிதத்தையும் மூன்றாமவர் நம்புகிறார். கடைசியில் பார்த்தால் ஒருத்தர்கூட ஆளைப் பார்த்திருக்க மாட்டார்.

டாக்டரிடமிருந்து ஆரம்பிக்கலாம். கைதானவரைப் பரிசோதிக்கும் அரசு டாக்டர் உடம்பில் இருக்கும் காயங்களையும் அடித்த தடங்களையும், அவை ஏறத்தாழ எப்போது ஏற்பட்டிருக்கும் என்பதையும் எழுத வேண்டும், அதன் நகலைக் கைதானவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ கொடுக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்திலும் 53-ஆம் பிரிவாக இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது? ஜி.ஹெச். வாசலில் ஜீப் நிற்கும், உள்ளே ஓ.பி.யில் கூட்டம் நெரியும், ஏட்டு சீட்டோடு வந்து 'ரிமாண்டுக்குப் போகணும் டாக்டர், ஃபிட்னஸ் மட்டும்' என்பார். எப்போது காயம் பட்டது என்ற கேள்விதான் போலீஸுக்குப் பிடிக்காத கேள்வி, அதனால் அதைக் கேட்காமல் விடுவதே எல்லோருக்கும் சௌகரியம். சாத்தான்குளத்தில் இரண்டு பேருக்கும் ரத்தம் நிற்கவே இல்லை, கைலி மாற்றிக் கைலி கொடுத்துக்கொண்டே இருந்தோம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். அந்த நிலையில் இருந்தவர்களுக்குத்தான் சிறைக்குப் போகத் தகுதி என்று சான்றிதழ் கிடைத்தது.

அரசு டாக்டர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி டூட்டியில் தனியாக இருக்கும் ஒரு டாக்டர் நாலு போலீஸுக்கு நடுவில் 'இல்லை, அட்மிட் பண்ணணும்' என்று சொல்வது லேசான காரியம் இல்லை. அதனால்தான் தேர்வில் கேட்டால் எழுதும் பதிலாக அறத்தை வைத்துக்கொண்டு பயனில்லை என்கிறேன். ஜீப் வாசலில் நிற்கும்போது என்ன எழுதுவேன் என்பதை ஜீப் வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது மாஜிஸ்திரேட். எனக்கு இதில்தான் கோபம் அதிகம், ஏனென்றால் சட்டம் அவ்வளவு அதிகாரத்தையும் பாதுகாப்பையும் கொடுத்து உட்கார வைத்திருப்பது அவரைத்தான். முதல் ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு போடுவதற்கு, ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்வது எதற்கு? போலீஸைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அடித்தார்களா, எங்கே வலிக்கிறது, வீட்டுக்குச் சொல்லியாச்சா, வக்கீல் இருக்கிறாரா என்று நாலு கேள்வி கேட்பதற்கு. ஐந்து நிமிட வேலை. சாத்தான்குளத்தில் மாஜிஸ்திரேட் மாடியில் நின்றபடியே கையசைத்து ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார் என்பது அப்போது எழுந்த குற்றச்சாட்டு. கொரோனா காலம், பயம் இருந்திருக்கும் என்று ஒருவர் வாதாடலாம். சரி, கொரோனாவையே எடுத்துக்கொள்வோம். சிறைகளில் கூட்டத்தைக் குறையுங்கள் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு மார்ச் 23-ஆம் தேதியே சொல்லியிருந்தது. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யாதீர்கள், காரணத்தைப் பதிவு செய்யாமல் ரிமாண்ட் கொடுக்கும் மாஜிஸ்திரேட் மீதே துறை நடவடிக்கை வரும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014-லேயே சொல்லியாயிற்று. சாத்தான்குளம் எஃப்ஐஆரில் இருந்தவை ஊரடங்கை மீறியது, கெட்ட வார்த்தை பேசியது, அரசு ஊழியரைத் தடுத்தது, மிரட்டியது மாதிரியான பிரிவுகள். எதுவும் ஏழாண்டைத் தாண்டாது. ஆக, அன்று அந்த மாஜிஸ்திரேட் சட்டத்தை மீறவே வேண்டாம், பின்பற்றியிருந்தாலே அப்பாவும் மகனும் சிறைக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்கோ வீட்டுக்கோ போயிருப்பார்கள்.

சிறை பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே எடுக்கும்போது காயங்களைப் பதிவேட்டில் குறித்திருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. குறித்தது நல்லதுதான், பின்னாளில் சாட்சியமாக உதவும். ஆனால் பதிவேட்டில் எழுதியதோடு கடமை முடிந்தது என்று ஒரு துறை நினைப்பதில் இருக்கும் கோளாறும் அதிலேயே தெரிகிறது. 'எங்கள் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தார்' என்று எழுதி வைப்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. இந்த ஆளை நாங்கள் எடுக்க மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தால் அது கைதியைக் காப்பாற்ற.

இனி கதை திரும்புகிற இடம். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது. காவலில் மரணம் நடந்தால் மாஜிஸ்திரேட் விசாரிக்க வேண்டும் என்ற சட்டப்படி கோவில்பட்டி மாஜிஸ்திரேட் எம்.எஸ். பாரதிதாசன் ஜூன் 28-ஆம் தேதி சாத்தான்குளம் ஸ்டேஷனுக்குப் போனார். அவர் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கை, ஒரு ஸ்டேஷன் உள்ளேயிருந்து எப்படி இயங்கும் என்பதைக் காட்டும் அபூர்வமான ஆவணம். விசாரிக்க வந்த நீதித்துறை அதிகாரியை போலீஸார் சுற்றி நின்று செல்போனில் படம் பிடித்தார்கள். லத்திகளைக் கொடுங்கள் என்றால் காதில் விழாத மாதிரி நின்றார்கள், ஒருவர் சுவரேறிக் குதித்து ஓடியே போனார். ஒரு காவலர், மாவட்டத்தின் உயரதிகாரிகள் அங்கே இருக்கும்போதே, மாஜிஸ்திரேட்டை ஒருமையில் பேசி, உன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற பொருளில் இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொன்னார். ஸ்டேஷன் சிசிடிவியின் ஹார்ட் டிஸ்க்கில் நிறைய இடம் இருந்தும் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிகிற மாதிரி செட் செய்யப்பட்டிருந்தது, ஆகவே 19-ஆம் தேதி இரவு அதில் இல்லை.

அதே ஸ்டேஷனில் தலைமைக் காவலர் ரேவதி இருந்தார். அன்று இரவு டூட்டியில் இருந்தவர். விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருக்கிறது, சீக்கிரம் எடுக்காவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று அவர் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். பயந்துகொண்டேதான் சொன்னார். வெளியே யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று பார்க்கச் சொல்லிவிட்டுச் சொன்னார், சொன்னதில் கையெழுத்துப் போட முதலில் மறுத்தார், பாதுகாப்புக்கு உறுதி கொடுத்த பிறகே போட்டார். இந்தத் தயக்கத்தைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அதுதான் அந்த வாக்குமூலத்தின் பலமாகத் தெரிகிறது. வெளியே அவருடைய மேலதிகாரிகளும் சகாக்களும் நிற்கிறார்கள், நாளைக்கு அவர் வேலைக்கு வரவேண்டியதும் அதே கட்டடத்துக்குத்தான், குடும்பம் இருக்கிறது, அதற்கு முன் ஒருத்தர்கூட வாயைத் திறக்கவில்லை. தைரியம் என்றால் பயமில்லாமல் இருப்பது என்று நினைப்பவர்கள் அரசு வேலையில் ஒரு மெமோகூட வாங்கியிருக்க மாட்டார்கள்.

உயர் நீதிமன்றம் அடுத்துச் செய்தவை கவனிக்கத்தக்கவை. ரேவதிக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்பு, சம்பளத்தோடு விடுப்பு. தடயங்கள் அழியாமல் இருக்க ஸ்டேஷனை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர ஆட்சியருக்கு வழி திறந்தது, தாசில்தார் வந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் பொறுப்பு வகித்தது தமிழ்நாடு அதற்கு முன் கேள்விப்படாதது. சிபிஐக்கு வழக்கு கைமாறும் இடைவெளியில் சாட்சியம் போய்விடக்கூடாது என்று மாநிலப் போலீஸின் புலனாய்வுப் பிரிவான சிபிசிஐடியை உடனே இறங்கச் சொன்னது. பத்து போலீஸார் கைதானார்கள், அவர்களில் ஒருவர் கொரோனாவில் இறந்துபோக ஒன்பது பேர் மீது சிபிஐ குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, மதுரையில் நடந்த விசாரணையில் ரேவதி கூண்டிலேறியும் சாட்சி சொன்னார். ஒரு ஏட்டு உண்மை பேசுவதற்கு உயர் நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் நாள்தோறும் பின்னால் நிற்க வேண்டியிருந்தது. இதில் நம்பிக்கைக்கும் இடமிருக்கிறது, கவலைக்கும் இடமிருக்கிறது.

அடிப்பவர் ஏன் அடிக்கிறார் என்பதையும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் வக்கிரத்தால் அடிப்பதில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருளைக் கண்டெடுத்தால் அதற்குத் தொடர்பான பகுதி மட்டும் செல்லும். சாட்சியச் சட்டத்தின் பழைய 27-ஆம் பிரிவு என்று எல்லா எஸ்.ஐ.க்கும் மனப்பாடம். ஆக, ரெக்கவரி காட்டினால் வழக்கு நிற்கும். நகை காணோம் என்று புகார், மேலிருந்து போன் மேல் போன், இன்றைக்குள் ரெக்கவரி காட்டு என்று நெருக்கடி, தடய அறிவியலுக்கெல்லாம் எங்கே நேரம்? 2025 ஜூனில் திருப்புவனத்தில் நடந்தது கிட்டத்தட்ட இதுதான். மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த அஜித்குமாரை, காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்ற புகாரில் தனிப்படைக்காரர்கள் கொண்டுபோனார்கள். அப்போது எஃப்ஐஆரே கிடையாது. எஃப்ஐஆர் இல்லையென்றால் கைது மெமோ இல்லை, டாக்டர் இல்லை, மாஜிஸ்திரேட் இல்லை, மேலே சொன்ன வரிசையில் யாருமே இல்லை. பிரேதப் பரிசோதனையில் 44 காயங்கள். ஒருவர் மறைந்து நின்று செல்போனில் எடுத்த சின்ன வீடியோதான் அந்த வழக்கை உயிரோடு வைத்தது. அந்த ஒருவர் போலீஸ்காரரும் இல்லை, வக்கீலும் இல்லை, கோயில் ஊழியர்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கையில் மாவுக்கட்டு என்று ரவுடிகளின் படம் வந்தால் மீம் போட்டுச் சிரிக்கிறோம், என்கவுன்டர் செய்தி வந்தால் பட்டாசு வெடிக்கிறோம். இன்னார் கெட்டவன், அவனுக்கு விதி தேவையில்லை என்று ஊரே ஒப்புக்கொண்டபின், யார் கெட்டவன் என்று முடிவு செய்யும் வேலையும் அதே ஸ்டேஷனிடம் போய்விடுகிறது. ஜெயராஜும் பென்னிக்ஸும் போன்கடைக்காரர்கள் என்பதால்தான் நமக்குக் கோபம் வந்தது. பழைய குற்றவாளியாக இருந்திருந்தால் பேப்பரில் ரெண்டு வரி.

வக்கீல்களைப் பற்றி ஒரு பழைய வழக்கு இங்கே பொருத்தமாக இருக்கிறது. கோவையில் வக்கீல்களுக்கும் போலீஸாருக்கும் மோதல், அதில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸாருக்காக எந்த வக்கீலும் ஆஜராகக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. முகமது ரஃபி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் செல்லாது, தொழில் தர்மத்துக்கே விரோதமானவை என்று சொல்லிவிட்டது. கவனியுங்கள், வக்கீல் கிடைக்காமல் நின்றது போலீஸார். எதிராளியை மனிதனாக நடத்தத் தெரியாத நோய் காக்கிக்கு மட்டும் உள்ளதில்லை, கறுப்பு அங்கிக்கும் தொற்றும். அரசு வழக்கறிஞர்களுக்கும் இதையேதான் சொல்ல வேண்டும். பி.பி. என்பவர் போலீஸின் வக்கீல் இல்லை. எத்தனை பேருக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தோம் என்பது அவருடைய மார்க் ஷீட்டும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணம் கேஸ் கட்டில் கிடந்தால் அதையும் கோர்ட் முன்னால் வைப்பது அவர் கடமை.

சரி, பயிற்சி கொடுத்தால் மாறுமா? வகுப்பில் மனித உரிமை பற்றிப் படித்துவிட்டு வரும் காவலர் நேராகப் போய் ஓர் அதிகாரி வீட்டில் காய்கறி வாங்கிக் கொடுக்கவும் நாயைக் குளிப்பாட்டவும் நிற்கிறார் என்றால் அந்த வகுப்பு எந்த மூலைக்கு? ஆர்டர்லி முறையை 1979-லேயே ஒழித்தாகிவிட்டது என்பது காகிதம், 2022-இல் உயர் நீதிமன்றம் அதை ஒழிக்கச் சொல்லித் திரும்பவும் சத்தம் போட வேண்டியிருந்தது என்பது நிலவரம். வாரம் ஒருநாள் லீவு என்பதற்கே 2021-இல்தான் அரசாணை வந்தது. தன்னை மனுஷனாக நடத்தாத இடத்தில் பத்து வருஷம் வேலை பார்த்தவரிடம் லாக்கப்பில் இருப்பவனை மனுஷனாக நடத்து என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும், ஆனால் சொல்பவர் யார் என்பதை அவரும் பார்ப்பார்.

கேமரா விஷயத்தில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. எல்லா ஸ்டேஷனிலும், லாக்கப்பிலும் வராந்தாவிலும் வாசலிலும் சிசிடிவி, பதிவுகள் 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். நல்ல உத்தரவு. ஆனால் சாத்தான்குளத்திலும் கேமரா இருந்தது, பதிவை அழிக்கும் செட்டிங் யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

இன்னொரு ரேவதி இன்று இரவு ஏதோ ஒரு ஸ்டேஷனில் டூட்டியில் இருக்கிறார், பக்கத்து அறையில் சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் யாருக்குப் போன் செய்ய வேண்டும்? இன்ஸ்பெக்டர் அந்த அறையிலேயே இருக்கலாம், டி.எஸ்.பி. ரெக்கவரி கேட்டவராக இருக்கலாம். பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் இதற்காகத்தான் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-இல் அதற்கொரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர், உறுப்பினர்களில் ஒருவர் டி.ஜி.பி. மாவட்ட ஆணையத்தில் ஆட்சியர் தலைவர், கூட இருப்பவர்கள் எஸ்.பி.யும் ஏ.டி.எஸ்.பி.யும். அந்த ஏட்டு தன் ஸ்டேஷனைப் பற்றிக் கொடுக்கும் புகாரைப் பிரித்துப் படிக்கப்போவது அவருக்கு டிரான்ஸ்ஃபர் போடும் அதே எஸ்.பி.தான்.